நமீபியாவுக்கு 55 பவுண்டு ரீகர்வ்: எந்த அம்பு, எந்த முனை?

கூரம்பு:

ஆகஸ்டில் நமீபியா போகிறேன். வில்வேட்டைக்கென்று பதிவான பண்ணை, நீர்க்குட்டை ஓரத்தில் மறைவு, கூடவே வழிகாட்டி. வில்லைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. அம்பும் முனையும்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

வில் 60 அங்குல டேக்டவுன் ரீகர்வ், அதாவது நுனிகள் முன்னோக்கி வளைந்த, பிரித்து மாட்டக்கூடிய வில். என் இழுப்பு 28 அங்குலம், அந்த இடத்தில் தராசு 55 பவுண்டு காட்டுகிறது. வலக்கைக்காரன், மூன்று விரலும் அம்புக்குக் கீழே. 20 மீட்டருக்கு மேல் எய்வதில்லை என்று எனக்கு நானே வரம்பு போட்டிருக்கிறேன்.

கையில் இரண்டு வகை அம்புகள். ஒன்று கார்பன், 500 ஸ்பைன் (தண்டின் விறைப்பு எண்), 125 கிரெயின் முனையோடு மொத்தம் 450 கிரெயின் (அம்பு எடைக்கான சிறு அளவு). வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் வினாடிக்கு 192 அடி வருகிறது. இன்னொன்று போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் மரத்தண்டு, நானே சாயம் பூசி இறகு ஒட்டியது, 500 கிரெயின், 185 அடி. மனசு மரத்தின் பக்கம் சாய்கிறது.

முனைக்கு வந்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஸ்விக்கி எஸ்கிமோ மாதிரி இரண்டு பிளேடு போதும் என்கிறார் ஒருவர். ரத்தத் தடம் வேண்டுமென்றால் மூன்று பிளேடு என்கிறார் இன்னொருவர். ஒருபக்கச் சரிவு உள்ள சிங்கிள் பெவல்தான் எலும்பைப் பிளக்கும் என்று மூன்றாமவர் சத்தியம் செய்கிறார். எனக்கு முதல் ஆசை குடு, அப்புறம் ஜெம்ஸ்போக் (இரண்டும் பெரிய மான் வகை), வாய்த்தால் ஒரு வார்ட்ஹாக் என்கிற காட்டுப்பன்றி. இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரே முனை சொல்லுங்களேன். எத்தனை அம்பு எடுத்துப் போவது என்றும் சொன்னால் நல்லது.

நாணொலி:

தம்பி, முனையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்தால் உங்கள் ஆசைப் பட்டியலே மாறிவிடும்.

நமீபியாவில் வில்வேட்டைக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஆற்றலும் குறைந்தபட்ச அம்பு எடையும் உண்டு. சிறு விலங்குகளுக்கு 25 அடி-பவுண்டு, 350 கிரெயின். வார்ட்ஹாக், மெல்லிய மானான ஸ்பிரிங்போக் போன்ற நடுத்தர விலங்குகளுக்கு 40 அடி-பவுண்டு, 400 கிரெயின். குடு, ஜெம்ஸ்போக் மாதிரிப் பெரியவற்றுக்கு 65 அடி-பவுண்டு, 450 கிரெயின். உங்கள் வில் எவ்வளவு அழகாக இருக்கிறது, நீங்கள் எவ்வளவு நன்றாக எய்கிறீர்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஆற்றலைப் பார்க்க, அம்பின் எடையை கிரெயினில் எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வந்ததை எடையோடு பெருக்கி, 4,50,240-ஆல் வகுங்கள். உங்கள் கார்பன் அம்பு 36.8 அடி-பவுண்டு. சீடர் 38. இரண்டுமே வார்ட்ஹாக்குக்குக்கூடத் தேறவில்லை. ஆளாளுக்கு முனை சொன்ன உங்கள் நண்பர்களில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

குடுவை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். 65 அடி-பவுண்டு வேண்டுமென்றால் 700 கிரெயின் அம்பு வினாடிக்கு 205 அடி வேகத்தில் போக வேண்டும். சக்கரம் வைத்த காம்பவுண்டு வில்லுக்கு அது சாதாரணம். ரீகர்வில் அதை எட்டுகிற வில்லை, மறைவுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடி நிதானமாக இழுத்து நிறுத்துகிற ஆள் அபூர்வம். குடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நாட்டை மாற்றிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, போகும் பண்ணை எந்த மாகாணத்தில் என்று பார்த்துக் கேட்க வேண்டும். நமீபியாதான் என்று முடிவென்றால் வார்ட்ஹாக்கும் ஸ்பிரிங்போக்கும். குறைவாக நினைக்காதீர்கள். 15 மீட்டரில் ஒரு முரட்டு வார்ட்ஹாக் வந்து நின்றால் இதயம் அடித்துக்கொள்கிற சத்தம் உங்களுக்கே கேட்கும்.

சரி, 40-ஐ எப்படித் தொடுவது? வில்லை மாற்ற வேண்டாம், அம்பைக் கனமாக்குங்கள். வில் சேர்த்து வைக்கிற ஆற்றலில் ஒரு பகுதி அதன் கைகளையும் (மேலும் கீழும் வளைகிற பட்டைகள்) நாணையும் நகர்த்தவே செலவாகிறது. அம்பு கனமாக ஆக, மிச்சத்தில் அதற்குக் கிடைக்கிற பங்கு கூடுகிறது. உங்கள் இரண்டு அளவுகளையும் வைத்துக் கணக்குப் போட்டால் 650 கிரெயின் அம்பு இதே வில்லில் 167 அடி வாக்கில் போகும். அது 40.3 அடி-பவுண்டு. விளிம்பில்தான் நிற்கிறது, அதனால் குரோனோகிராஃபில் நீங்களே அளந்து, அந்த அளவைப் பண்ணைக்காரருக்கு எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

650 என்ற எண் உங்களுக்கு வேறு இடத்திலும் கண்ணில் பட்டிருக்கும். வில்வேட்டை ஆய்வாளர் எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் தொடங்கிய ஊடுருவல் சோதனைகளில், கனமான எலும்பைக் கடக்க அம்பின் எடை ஏறக்குறைய 650 கிரெயினைத் தாண்ட வேண்டும் என்று கண்டார். வார்ட்ஹாக்குக்கு அவ்வளவு அவசியமில்லைதான். ஆனால் சட்டக் கணக்கும் அவர் கணக்கும் உங்கள் வில்லில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த வசதியை விடாதீர்கள்.

ஓரக்கண்:

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? டேக்டவுன் வில்தானே, 62 பவுண்டு கைகளை வாங்கி மாட்டுங்கள், பழைய 450 கிரெயின் கார்பனோடு வேகமும் கிடைக்கும். முனைக்கு விரிந்து வெட்டுகிற மெக்கானிக்கல் போடுங்கள். இரண்டு அங்குலத் துளை, தடம் தேடவே வேண்டாம்.

நாணொலி:

ஓரக்கண், கைகளை மாற்றும் யோசனை தப்பில்லை, காலம்தான் இடிக்கிறது. ஏழு பவுண்டு கூடுதல் இழுப்பைத் தசை பழக மாதக்கணக்கில் ஆகும். ஆகஸ்ட் விடிகாலையில் உள்நாட்டு மேட்டுநிலத்தில் குளிர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, மரத்துப்போன தோளோடு இழுக்க வேண்டும். மைதானத்தில் வருகிற இழுப்பு அங்கே ஓர் அங்குலம் குறையும். குறைந்தால் வேகமும் போச்சு, குறியும் போச்சு.

மெக்கானிக்கலுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த பிளேடுகளை விரிக்கவே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு போகிறது. 40 அடி-பவுண்டை வைத்துக்கொண்டு அந்தச் செலவை ஏற்க முடியாது. ரீகர்வ், லாங்போ என்றால் தொட்ட நொடியிலேயே வெட்டத் தொடங்குகிற நிலையான முனைதான்.

கூரம்புக்கு: இப்போது தண்டு. 650 வர வேண்டுமென்றால் அங்குலத்துக்குப் பத்தரை கிரெயின் உள்ள கனத்த கார்பன் தண்டு, 29 அங்குலம், முன்னால் முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டுகிற 100 கிரெயின் பித்தளை இன்செர்ட், 200 கிரெயின் முனை, பின்னால் இறகும், நாணில் மாட்டுகிற கவ்வியான 'நாக்' என்பதும் சேர்த்து ஒரு 45. கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 650 வரும். முன்பாரமும் (எடை எவ்வளவு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு) நன்றாக வரும். அந்த நாக் பள்ளத்திலிருந்து சமநிலைப் புள்ளி 20.4 அங்குலத்தில் இருந்தால், பாதி நீளமான 14.5-ஐக் கழித்து 29-ஆல் வகுக்க, ஏறக்குறைய 20 சதவீதம்.

ஆனால் 300 கிரெயினை முன்னால் மாட்டினால் உங்கள் 500 ஸ்பைன் தண்டு நாணை விட்டதும் பாம்பாக நெளியும். முன்னால் எடை கூடக்கூடத் தண்டு குழைவாக நடந்துகொள்ளும், அதற்கு ஈடாக விறைப்பான தண்டு வேண்டும். எண் குறையக் குறைய விறைப்பு அதிகம் என்பது தெரியும்தானே. 340-இலும் 300-இலும் ஒவ்வொரு தண்டு வாங்கி, இறகே ஒட்டாமல் 15 மீட்டரில் எய்து பாருங்கள். உங்களுக்கு வலக்கை. இறகில்லாத அம்பு, இறகுள்ளவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் குழைவு. விறைப்பாக இருந்தால் முனையில் எடை ஏற்றுங்கள், குழைவாக இருந்தால் தண்டைக் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாக அரை அங்குலம் வெட்டாதீர்கள், வெட்டியது திரும்பாது. மேல் கீழ் ஆட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது நாணில் நாக் உட்காரும் உயரத்தின் வேலை. மூன்று விரலும் கீழே வைப்பவர்களுக்கு அந்த உயரம் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் முனை. ஆஷ்பியின் வரிசையிலும் முதலிடம் அம்பு உடையாமல் இருப்பதற்கு, இரண்டாமிடம் அது நேராகப் பறப்பதற்கு. வளைந்து நெளிந்து வருகிற அம்பில் உலகத்திலேயே விலை உயர்ந்த முனையை மாட்டினாலும், மோதிய நொடியில் ஆற்றல் பக்கவாட்டில் சிதறிவிடும்.

மரத்தண்டு:

என் பெயரைப் பார்த்தே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், கூரம்பு, சீடரை இந்தப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். சீடர் இனிமையான மரம், வாசனைக்காகவே இன்னும் செய்கிறேன். 650 கிரெயினுக்கு அது பொருந்தாது. மரம்தான் என்று பிடிவாதமாக இருந்தால் ஹிக்கரி அல்லது ஆஷ், 23/64 அங்குலத் தண்டு. தண்டே கனமாக இருப்பதால் 160 கிரெயின் முனையோடு அந்த எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். முன்பாரம் கார்பன் அளவுக்கு வராது, உறுதி வரும்.

மரத்தண்டின் ஸ்பைனைக் கார்பன் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கார்பனுக்கு 28 அங்குல இடைவெளியில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு வளைவை அளக்கிறார்கள். மரத்துக்கு 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை. அப்புறம் 26-ஐ அந்த வளைவால் வகுத்துப் பவுண்டில் சொல்கிறார்கள். தனித்தனி அளவுகோல்கள்.

இன்னொன்று காற்று. அங்கே குளிர்காலக் காற்று எலும்பு வரை உலர்ந்தது. மரம் ஈரத்தை விட்டால் முறுக்கிக்கொள்ளும். தண்டின் இரு முனைகளையும், முனை ஒட்டுகிற கூம்புப் பகுதியையும் சேர்த்து, வார்னிஷில் நன்றாக அடைத்திருக்க வேண்டும். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் கண்ணருகே பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். நான் அதை ரசித்துச் செய்வேன். வேட்டை நாள்கள் எண்ணி வைத்தவருக்கு அது பாரம்.

கடைசியாக விமானம். மரத்தண்டில் முனையைச் சூட்டுப் பசையால் ஒட்டுகிறோம். கழன்றால் திரும்ப ஒட்டத் தீ வேண்டும். டார்ச் லைட்டரை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது, அங்கே போய்த்தான் லைட்டர் தேட வேண்டும். கார்பன் என்றால் திருகிக் கழற்றி, திருகி மாட்டுவதோடு முடிந்தது.

முனையில் மட்டும் நாணொலி அண்ணன் என்ன சொல்வார் என்று தெரியும், ஸ்பிரிங்போக்குக்கு நான் மூன்று பிளேடுதான் சொல்வேன். மெல்லிய உடம்பு, மெல்லிய தோல். மூன்று பக்கமும் வெட்டிய துளை மூடிக்கொள்ளாது. தட்டையான அரத்தில் இரண்டு பிளேடுகளை ஒன்றாகப் படுக்கவைத்து இழுத்தாலே கூர் வந்துவிடும், கோணம் பிடிக்கிற தொல்லை இல்லை.

கூரம்பு:

குடு போனது வருத்தம்தான். ஆனால் அங்கே போய் இறங்கிய பிறகு இதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கார்பன் என்று முடிவு செய்துவிட்டேன். 340, 300 இரண்டிலும் சோதனைத் தண்டு வருகிறது.

இரண்டு சந்தேகம். 167 அடி வேகம் என்றால் அம்பு ரொம்பவே இறங்காதா? ஸ்பிரிங்போக் நாண் சத்தத்துக்கே துள்ளி விலகும் என்கிறார்களே, மெதுவான அம்பு அதற்குத் தோதா? அப்புறம் முனை. இரண்டு பிளேடா, மூன்றா? ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள்.

நாணொலி:

இறங்கும். 192 அடி அம்போடு ஒப்பிட்டால் 15 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர், 20 மீட்டரில் சுமார் 18 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும். அம்பு நுனியை வைத்துக் குறி பார்க்கிறவர் என்றால் நுனிக்கும் இலக்குக்கும் நடுவில் விடுகிற உங்கள் இடைவெளிக் கணக்கு முழுவதும் மாறும். அதனால் இன்றிலிருந்து பழைய அம்பைத் தொடாதீர்கள். கண்ணுக்கு ஒரே ஒரு வளைவுதான் பழக வேண்டும். பயிற்சிக்கும் 200 கிரெயின் ஃபீல்டு பாயிண்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை), அதே தண்டு, அதே இறகு.

துள்ளுவதைப் பற்றி. ஒலி 20 மீட்டரை 0.06 வினாடியில் கடந்துவிடும். உங்கள் கனமான அம்புக்கு 0.39 வினாடி, பழைய அம்புக்கு 0.34. அதாவது 0.05 வினாடிதான் வித்தியாசம், இரண்டில் எது வந்தாலும் ஒலியை முந்தப் போவதில்லை. எந்த வில்லாலும் முடியாது. வேகத்தில் வெல்ல முடியாத இடத்தில் சத்தத்தைக் குறைப்பதுதான் வழி. கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் வாங்கிக்கொள்வதால் மிச்ச அதிர்வு குறைந்து, நாண் சத்தம் அடங்குகிறது. நாணில் இரண்டு இடத்தில் கம்பளிக் குஞ்சம் கட்டுங்கள். தூரத்தை 20-இலிருந்து 15-க்குக் குறைத்தால் இதையெல்லாம்விட அதிகப் பலன். தலையைத் தூக்கிக் காதை விறைத்து நிற்கிற ஸ்பிரிங்போக்கின் மேல் எய்யாதீர்கள். குடிக்கக் குனியட்டும்.

முனைக்கு வருவோம். மூன்று பிளேடு நல்ல முனை, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தட்டையான அரத்தில் படுக்கவைத்துத் தீட்டினால் அதன் விளிம்புக் கோணம் 60 டிகிரிக்குப் போய்விடுகிறது. கோடாலிக்கு அது சரி. உள்ளே தள்ளவும் கூடுதல் விசை கேட்கும். ஸ்பிரிங்போக் மட்டும் என்றால் மரத்தண்டு சொல்வதற்குத் தலையாட்டுவேன். உங்கள் பட்டியலில் வார்ட்ஹாக் இருக்கிறது. தடித்த தோல், பிடரியில் முரட்டு மயிர், எப்போதும் சேற்றில் புரண்ட உடம்பு, தோள் எலும்புக்கு மேலே கட்டியான சதை. 40 அடி-பவுண்டோடு போகிறவர் நீளமான இரண்டு பிளேடு முனைதான் எடுத்துப் போக வேண்டும். நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்குக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. சாய்வு மெல்லியதாக இருந்தால் உள்ளே நழுவுவது சுலபம்.

இருபக்கச் சரிவா, ஒருபக்கச் சரிவா என்பதில் நான் வெறியன் இல்லை. சிங்கிள் பெவல் உள்ளே போகும்போது சுழலும், எலும்பில் பட்டால் பிளந்துகொண்டு போகும். உண்மைதான். ஒரே நிபந்தனை, சுழற்சித் திசையும் இறகின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். பறவையின் வலச் சிறகிலிருந்து எடுத்த இறகு ஒட்டியிருந்தால் வலச் சரிவு முனை, இடச் சிறகு என்றால் இடச் சரிவு. மாற்றி மாட்டினால் பறக்கும்போது ஒரு பக்கம் சுழன்ற அம்பு, உள்ளே போனதும் நின்று எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்த கூரை நம்பாதீர்கள். 25 டிகிரி வாக்கில் கல்லில் பிடித்து, பிசிறு எழும்பும்வரை தீட்டி, தோல்பட்டையில் துடைத்து எடுங்கள். ஒரு ரப்பர் பேண்டை லேசாக இழுத்துக் கட்டி, அதன்மேல் விளிம்பை வையுங்கள். அழுத்தாமலே அறுபட வேண்டும். அமுக்கித் தேய்த்தால்தான் அறுபடுகிறது என்றால் மறுபடியும் கல். தீட்டியதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. மறைவில் உட்காரும்போது அம்பை உறையிலிருந்து உருவி உருவிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு உரசலுக்கும் கூர் போகும்.

கிளம்புவதற்கு முன் ஃபீல்டு பாயிண்டும் பிராட்ஹெட் எனும் வேட்டை முனையும் 20 மீட்டரில் ஒரே கொத்தில் விழுகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பிரிந்து விழுந்தால் முனையின் மேல் பழி போடாதீர்கள், தண்டுப் பொருத்தம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

எத்தனை அம்பு என்று கேட்டீர்கள். பன்னிரண்டு போதும். ஒன்பதில் வேட்டை முனை, மூன்று பயிற்சிக்கு. முனைகளைக் கழற்றிக் கடினமான டப்பாவில் ஃபோமில் குத்தி வையுங்கள், எல்லாமே சரக்குப் பெட்டியில், கைப்பையில் ஒன்றுகூட வேண்டாம். இரண்டாவது நாண், ஏற்கெனவே எய்து இழுபட்டு நிலைத்தது, கட்டாயம். மாட்டும் உயரத்தை (வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) நாண் உறையின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

குறி வைக்கும் இடத்தை மனப்பாடம் செய்யுங்கள். ஆப்பிரிக்க விலங்குகளுக்கு இதயமும் நுரையீரலும் நீங்கள் நினைப்பதைவிட முன்னால், தாழ்வாக இருக்கும். தோளுக்குப் பின்னால் தள்ளி எய்கிற பழக்கம் இருந்தால் வயிற்றில்தான் படும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே மேலே ஏறி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். வார்ட்ஹாக்குக்கு அதையும் ஒரு விரல் இறக்கலாம். ரத்தம் ஒரு துளி விழுந்தாலும், விலங்கு கிடைக்காமல் போனாலும், கட்டணம் முழுவதும் வாங்குவது அங்கே வழக்கம். பணத்தை விடுங்கள், காயத்தோடு ஓடவிடுவதுதான் கொடுமை. சந்தேகம் வந்தால் நாணை மெல்ல இறக்கிவிடுங்கள்.

மரத்தண்டு:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். மறைவின் ஜன்னல் எந்த உயரம், நாற்காலி எந்த உயரம் என்று பண்ணைக்காரரிடம் இப்போதே கேளுங்கள். 60 அங்குல வில்லில் கீழ்க் கை தரையிலோ நாற்காலிக் காலிலோ இடிக்கும். எவ்வளவு சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பது அந்த அளவைப் பொறுத்தது, சாய்த்தால் அம்பு விழும் இடமும் நகரும். அதே உயரத்தில் ஒரு நாற்காலி போட்டு, குளிருக்குப் போடப்போகிற அதே தடித்த ஜாக்கெட்டோடு, கைக்காப்பை அதற்கு மேலே கட்டிக்கொண்டு பழகுங்கள். இல்லையென்றால் முதல் அம்பிலேயே நாண் சட்டைக்கையில் சிக்கும்.

கூரம்பு:

நாற்காலி உயரம் கேட்டு இப்போதுதான் எழுதினேன், ஆற்றல் அளவைப் பற்றிய கேள்வியையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். என் இறகுகள் எல்லாம் இடச் சிறகு, அதனால் இடச் சரிவு முனையாகப் பார்த்து 200 கிரெயினில் வாங்குகிறேன். குரோனோகிராஃப் அளவு 40-ஐத் தொடவில்லை என்றால் மறுபடியும் வந்து கேட்பேன்.